எண்ணத் தெரிந்த பிள்ளை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சாணார்பட்டிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் இருமுறை போய்வரும் சிறப்பாசிரியையாக இருந்தேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மூளை வளர்ச்சி குறைந்தவள். தேர்வுத் தாளில் கோடு மட்டும் இழுப்பாள். அவளை வீட்டுவழிப் பயிற்சிக்கு மாற்றும்படி தலைமையாசிரியர் எழுதியிருந்தார். மாற்றினால் அவளுக்குப் பள்ளி முடிந்தது. அம்மா பூப்பறிக்கப் போனபின் வீட்டில் துணைக்கு யாரும் இல்லை.

அவள் செய்யும் வேலையைக் கொண்டே அவளை மதிப்பிட முடிவு செய்தேன். சத்துணவில் முட்டை போடும் நாளில் அதைப் பரிமாறும் பொறுப்பு அவளுக்கு. என் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள்: தானாக, சொன்னால், கைபிடித்து. முதல் வாரம் எல்லாம் மூன்றாவது கட்டத்தில் விழுந்தது. ஆறாவது வாரம், வராத பிள்ளைகளின் இடங்களைப் பார்த்துவிட்டுப் போய், தேவையான முட்டைகளை மட்டும் எடுத்து வந்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் கட்டத்தில் குறியிட்டேன்.

நேரில் பார்த்து முடிவு செய்யட்டும் என்று, மாற்றத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய கல்வி அலுவலரைச் சாப்பாட்டு நேரத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினேன். அதன் நகல் தலைமையாசிரியருக்கும் போகும் என்பதை யோசிக்கவில்லை. அன்று பேருந்து தாமதம். நான் உள்ளே நுழையும்போது, தேய்த்த சீருடையில் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் பரிமாறி முடித்திருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீசர் வந்துருக்காக டீச்சர். இவ கீழ போட்டு வச்சான்னா நமக்குத்தான அசிங்கம்" என்றார் தலைமையாசிரியர், தணிந்த குரலில்.

பாத்திரத்தில் ஒரு முட்டையும் இல்லை. அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். பெட்டியிலிருந்த சாக்பீஸ்களை அவள் முன் கொட்டி, ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை கெஞ்சினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "முட்டை இல்ல" என்றாள்.

எண்ணறிவு இல்லை என்று அலுவலர் எழுதினார். என் குறிப்பேட்டை நீட்டினேன்; படிவத்தோடு அதை இணைக்க இடமில்லையாம். மறுப்பைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"பின்பக்கத்த ஜெராக்ஸ் எடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அலுவலர், அன்பாகவே.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அம்மா வந்தார். விரல் நுனிகளில் பூக்காம்பின் கறை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு அனுப்பட்டா, வேணாமா டீச்சர்?" என்றார்.

அனுப்புங்கள் என்றேன். மறுநாள் நான் வேறு பள்ளியில் இருப்பேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.