குரோஷா போட்ட ஹெட்போன்

சித்தூரில் எங்கள் சபைப் பெண்கள் எதையும் மூடாமல் விட்டதில்லை. ரேடியோவுக்கு உறை, ஆர்மோனியத்துக்கு உறை, பிரசங்க மேடையில் வைக்கும் தண்ணீர்த் தம்ளருக்கு மணி கோத்த மூடி. எல்லாம் வெள்ளை நூலில் குரோஷாப் பின்னல். மூடாமல் தப்பியது ஆயரின் வாய் ஒன்றுதான். ஆகவே சபை ஹெட்போனின் காதுமெத்தை உதிர்ந்தபோது அது யார் கைக்குப் போகும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. தாய்நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் ஸ்பூல் டேப் ரிக்கார்டரையும் அந்தக் கனத்த ஹெட்போனையும் சபைக்கு விட்டுப் போயிருந்தார். மெத்தைக்குள் இருந்த ஸ்பாஞ்ச் நம் ஊர் வெயிலில் மக்கிவிட்டது. மாட்டிக் கழற்றினால் காதெல்லாம் கரி. நான் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகத்தோடு சபைக் கமிட்டிக்கும் செயலாளர். முன்மொழிந்து, வழிமொழிந்து, புது மெத்தை செய்யும் பொறுப்பை முறைப்படி பெண்கள் சங்கத்திடம் ஒப்படைத்தேன். அவர்கள் இலவம்பஞ்சு அடைத்து, ஓரத்தில் பூ வைத்துப் பின்னிக் கொடுத்தார்கள். இட்லிக்குச் சட்டை போட்டதுபோல் இருந்தது.

அந்தக் கிறிஸ்துமசுக்குத் திருப்பதி சபையார் எங்கள் பாடகர் குழுவை அழைத்திருந்தார்கள். வேனில் பாதிப் பேருக்குத்தான் இடம். பாட்டு மாஸ்டர் பள்ளியில் கணக்கு வாத்தியார். யாரை விட்டாலும் வம்பு என்பதால், ஒத்திகையை டேப்பில் பதிந்து, ஹெட்போனில் கேட்டு ஆள் பொறுக்குவதாக அறிவித்தார்.

"டேப்புக்கு மாமன் மச்சான் கெடையாது" என்றார்.

பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், அடிக்குரல் பேஸ். நான் டெனர். நைனா, என் அப்பா, பேஸ். அம்மா போன பிறகு அவர் வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது. ஒத்திகை நாளில் மட்டும் தானே சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வார். திருப்பதி என்றதும் கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் காயப் போட்டார்.

மாஸ்டர் டேப்பைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பேஸே கேக்கல. நின்னுக்கினு வாய மட்டும் அசைக்கிறாங்க. பேஸ் இல்லாமலே போலாம்."

நைனா மறுக்கவில்லை. "தொண்ட போயிடுச்சி போல" என்று கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். அதன்பின் அவர் ஒத்திகைக்கும் போகமாட்டார் என்பது அந்தப் பெட்டியை மூடிய விதத்திலேயே தெரிந்தது.

எனக்குத் தெரிந்த வழி மேல்முறையீடு. பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் டேப்பை மறுபடி கேட்க வேண்டும் என்று கமிட்டியைக் கூட்டினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நைனாவை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தேன். மாஸ்டர் அவர் தலையில் ஹெட்போனை மாட்டி டேப்பை ஓட்டினார். வெளியே பிள்ளைகளின் கூச்சல். அதைத் தடுக்க நைனா இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார்.

"கீறேனே!" என்று கத்தினார்.

"யாருண்ணா?"

"நான்தான்! ரெண்டாவது சரணத்துல கீழ எறங்கிப் போய்க்கினு கீறேன்!"

மாஸ்டர் சிரித்தார். "அவங்கவங்க கொரல் அவங்கவங்களுக்குக் கேக்கத்தாண்ணா செய்யும்."

"அமுக்கிக் கேளு மாஸ்டரு. தொப்பி மாதிரி மாட்டிக்கினா இன்னா கேக்கும்?"

நான் வாங்கி மாட்டினேன். சும்மா விட்டால் மேல்குரல்கள் மட்டும், தகரத்தில் மழை பெய்வதுபோல். அமுக்கினால் அடியிலிருந்து பேஸ் எழுந்து வந்தது. கையை எடுத்தேன், போய்விட்டது. அடிக்குரல் முழுவதும் பின்னலின் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

மாஸ்டரும் அமுக்கிக் கேட்டார். எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் பின்னலைக் குறை சொல்ல ஆள் இல்லை. ஏனென்றால் பெண்கள் சங்கத் தலைவி மாஸ்டரின் மனைவி. அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்த நிலைமைக்கு எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் பிரிவு இல்லை.

"எல்லாரும் இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்கறீங்க?" என்றார் மாஸ்டரம்மா. "பின்னல்னா ஓட்ட இருக்கத்தான் இருக்கும். வேற தைக்கணும்னா தைங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட் கவர் தைக்கும் கடையில் ஸ்பாஞ்ச் வைத்து ரெக்ஸின் மெத்தை தைத்து வந்தேன். அதே டேப். இப்போது எல்லாம் தலைகீழ். நைனாவும் கூட்டாளிகளும் அண்டாவுக்குள் நின்று முழங்கினார்கள். சோப்ரானோ பெண்கள் கம்பளிக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"அப்ப சோப்ரானோவ விட்டுட்டுப் போலாமா?" என்று மாஸ்டர் சுவரைப் பார்த்துக் கேட்டார். மாஸ்டரம்மா சோப்ரானோ.

அவர் பழைய குரோஷாவைப் பிரித்து, பஞ்சை உதறிவிட்டு, வெறும் பின்னலை ரெக்ஸின்மேல் இழுத்து மாட்டினார். ஒலி நுட்பம் தெரிந்து செய்தார் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். மூடாத ரெக்ஸின் அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கேட்டபோது கொஞ்சம் ஒழுகியது, கொஞ்சம் நின்றது. நான்கு குரல்களும் அவரவர் இடத்தில் இருந்தன.

மாஸ்டர் முதலிலிருந்து ஆள் பொறுக்கினார். நைனாவுக்கு இடம் கிடைத்தது. எல்லாம் துல்லியமாகக் கேட்டதில், டெனரில் ஒருவர் சுருதிக்குச் சற்றுக் கீழேயே பாடிக்கொண்டிருப்பதும் கேட்டது. அது கமிட்டிச் செயலாளர்.

வேன் கிளம்பும்போது நைனா கோட்டு போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா போன பிறகு அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான். "டேப்புக்குப் புள்ளையும் கெடையாதுடா" என்றார்.

நான் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெண்டாவது சரணத்தில் நைனா கீழே இறங்கியபோது பெஞ்சுப் பலகை அதிர்ந்தது. இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.