புகையாக விழுந்தவள்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குப் போட்டோ பைத்தியம் பிடித்ததற்கு லிஃப்ட் கதவுதான் காரணம். மூடப் போகிற கதவுக்கு நடுவே யாராவது கையை நீட்டினால் அது பதறிப்போய்த் திறந்துகொள்கிறது அல்லவா, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று ஓடுகிறது. அகச்சிவப்பு என்று பெயர். வருஷக்கணக்காக அந்தக் கருவியைத் துடைத்தும் மாற்றியும் வந்தவருக்கு, அதே வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று ஒருநாள் தெரியவந்தது. அன்றோடு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாமல் போயிற்று.

பழைய கேமரா ஒன்று வாங்கினார். அதன் முன்னால் மாட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி. மற்ற வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடி. அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதால், ஒரு படத்துக்கு அரை நிமிடம் கேமராவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கிடைக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் மை பூசியதுபோல் இருக்கும், இலையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். மரம், பெஞ்சு, கட்டடம் எல்லாம் ஒழுங்காக விழும். மனிதர்கள்தான் தொல்லை. அரை நிமிடத்தில் நடந்தால் புகையாக விழுவார்கள், ஓடினால் விழவே மாட்டார்கள்.

அவர் மனைவியோ காலில் சக்கரம் கட்டியவள். அலுவலகக் கேன்டீன் ஒன்றில் பரிமாறுகிற வேலை. நாள் முழுக்க மேசைக்கு மேசை நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் நடப்பாள். டிவியைக்கூட நின்றுகொண்டுதான் பார்ப்பாள். அவர் கேமராவை நிறுத்துகிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கோ ஏரிக்கரைக்கோ கிளம்பினால் கூடவே கிளம்பிவிடுவாள். இலை வெள்ளையாக விழ நல்ல வெயில் வேண்டும் என்று அவர் உச்சி வெயிலில் போய் நிற்பார். அவளுக்குப் பொறுக்காது. அவர் கேமராவைத் திறந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, தூரத்துக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நேராகப் படத்துக்குள்ளேயே நடந்து வருவாள்.

"அந்தப் பக்கமா சுத்தி வரக்கூடாதா?"

"சுத்தி வர்றதுக்குள்ள நீங்க சுருண்டு விழுந்துட்டா? முதல்ல குடிங்க."

"ஒரு அரை நிமிஷம் சும்மா நிக்க முடியாதா உன்னால?"

"நிக்கிறதுக்கு நான் என்ன உங்க மரமா?"

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நூலகத்தின் மாடியில் கறுப்பு வெள்ளைப் படக்காரர்கள் கூடுவார்கள். படத்தை அச்சிட்டு மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் நிறை குறை சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாயே திறக்கக் கூடாது. விளக்கம் சொல்ல விட்டால் எல்லாப் படமும் நல்ல படமாகிவிடும் என்பது பல் டாக்டர் அம்மாவின் கட்சி. சங்கத்தை நடத்துகிறவர் அவர்தான். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கையில் சிவப்பு மெழுகுப் பென்சில் வைத்திருப்பார்; பிடிக்காத இடத்தில் படத்தின் மேலேயே வட்டம் போட்டுவிடுவார். வட்டம் வாங்கிய படங்களை, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டவென்று தானே எடுத்துக்கொண்டும் போய்விடுவார். பல் பிடுங்குகிற கைக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் ஒருவரும் வராமல் இருக்க மாட்டார்கள், சொல்வது சரியாக இருக்கும் என்பதால்.

லிஃப்ட்காரர் படங்களில் வட்டம் விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

"மரம் பிரமாதம், வானம் பிரமாதம். நடுவுல இது என்ன சார் புகை? கண்ணு நேரா அங்கதான் போகுது. எடுத்துடுங்க."

பேசக் கூடாது என்பதால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். பேசலாம் என்ற கட்டம் வரும்போது அடுத்தவர் படம் மேசைக்கு வந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மனைவியைக் கண்ணும் கருத்துமாக அழிப்பார். பக்கத்துப் புல்லை நகலெடுத்து அவள்மேல் ஒட்டினால் ஆள் வந்துபோன சுவடே இருக்காது. எதற்கு இரண்டு பிரதி என்று பழையதன் மேலேயே சேமித்தும் விடுவார்.

"இன்னைக்கும் என்னை எடுக்கச் சொல்லிட்டாங்களா?" என்று பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"ஆமா. கண்ணு உன்மேலயே போகுதாம்."

"போகட்டுமே. இந்த வயசுல என்மேல யாரோ ஒருத்தர் கண்ணு போகுதுன்னா நல்லதுதானே."

பிறகு ஒரு ஞாயிறு, ஏரிக்கரைப் படிக்கட்டில் அவள் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல், தானாக. கையை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தம் காட்டாமல் கேமராவைத் திருப்பினார். அரை நிமிடம் ஓடிற்று. அவள் அசையவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது தன் ஆசைக்காக அடங்கி உட்கார்ந்தாளே என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் அவள் பக்கத்தில் நிரப்பாமலே கிடந்தது. படத்திலும் அது அப்படித்தான் விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் பல் டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல தொடுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற அமைதியைப் பாருங்க. முகத்தைப் பாருங்க, பால் மாதிரி. ஒரு மாசு மரு இல்ல."

அகச்சிவப்பில் யார் முகமும் அப்படித்தான் விழும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். இருந்தாலும் கை தட்டினார்கள். அவர் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்து சேதி சொன்னார். "அப்பாடா, ஒருவழியா பாஸாயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டம் வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. டாக்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு எப்போலேருந்து இப்படி மஞ்சளா இருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. வார நாளெல்லாம் லிஃப்ட் ஓடுகிற இருட்டுக் குழிக்குள் கிடக்கிற மனிதர், மனைவியை வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கும் பார்த்தது மரத்தை.

"போட்டோ ஏதாவது இருந்தா காட்டுங்க. எப்போ ஆரம்பிச்சதுன்னு ஒரு கணக்கு கிடைக்கும்."

போனை எடுத்துத் துழாவினார். போனில் எடுப்பதும் கறுப்பு வெள்ளையில்தான், பழகிப்போயிற்று. ஏரிக்கரைப் படத்தைத் தேடிப் பிடித்து முகத்தைப் பெரிதாக்கினார். பால் மாதிரி இருந்தது. "இதுல ஒண்ணும் தெரியலையே சார்" என்று டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஈரல் அதற்குள் கைவிட்டிருந்தது. அந்த வருஷத்து மழைக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த மகள், அந்தப் படத்தைத்தான் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

"அம்மா எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்கப்பா."

அது அமைதி இல்லை, எழுந்து நடக்க முடியாத சோர்வு என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் ஊருக்குப் போனதும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டார். தன்னோடு குடித்தனம் நடத்தியவள் படத்தில் இருக்கிற இவள் இல்லை. நடந்துகொண்டே இருந்தவள் ஒருத்தி இருந்தாள், அவள் வேண்டும் அவருக்கு. கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு ஞாயிறாகப் பார்த்தார். மரம் இருந்தது, வானம் இருந்தது, புல் இருந்தது. எங்கே புல்லை ஒட்டினோம் என்று அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை, அத்தனை சுத்தமான வேலை. ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை.

மறுநாள் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய், கன்னம் வீங்கியவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார்.

"எந்தப் பல்லு சார்?"

"பல்லு இல்ல டாக்டர். நீங்க வட்டம் போட்டு வச்சிருக்கிற என் படமெல்லாம் வேணும்."

"அதுவா? எதுக்கு சார், எல்லாத்தையும்தான் நீங்க சரிபண்ணிட்டீங்களே."

"அந்தப் புகை என் வீட்டுக்காரி. தவறிட்டா."

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே டாக்டர்."

டாக்டர் எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்த அட்டைப் பெட்டியை இறக்கினார். லிஃப்ட்காரர் படங்களாகப் பொறுக்கி எடுத்து, பல் பார்க்கிற விளக்கைக் கீழே இழுத்து, வழவழப்பான தாளின்மேல் இருந்த சிவப்பு மெழுகைப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். வாய் திறந்தவர்களின் பல்லைத் துடைக்கிற அதே பக்குவம். வட்டம் போனதும் நடுவில் புகை மட்டும் நின்றது. முகம் இல்லை, கை இல்லை, பாட்டிலும் இல்லை. ஆனால் நடக்கிறவர்களுக்கு உடம்பு நகர்ந்துகொண்டே இருந்தாலும், ஊன்றிய கால் ஒரு கணம் நிற்கும். அதனால் புகைக்கு அடியில், வெள்ளைப் புல்லின்மேல், மங்கலாகப் பாதங்கள் வரிசையாக விழுந்திருந்தன.

அவர் குனிந்து பார்த்தார். டாக்டர் அடுத்த படத்தைத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தார், அதற்கடுத்ததையும் வைத்தார். பூங்கா வேறு, ஏரிக்கரை வேறு, மரங்கள் வேறு வேறு. பாதங்கள் எல்லாப் படத்திலும் அவரைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தன.