சாந்தோமில் கேட்ட லத்தீன் பாட்டு

மாம்பலத்திலிருந்து சாந்தோமுக்கு மூன்று மைலுக்கு மேல். முப்பதுகளில் ஒரு நவம்பர் மாதம், கல்லறைத் திருநாளன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு ஜட்கா ஏறினேன். வாடகை ஆறணா. எல்லாம் வீட்டுப்பாடத்துக்காக. ஐரோப்பாவில் பல நூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு துறவி இறந்தவர்களுக்காக அமைத்த பாட்டைப் பற்றி எழுத வேண்டும். காதால் கேட்காமல் எழுதினால் கிழித்துப் போடுவேன் என்று கன்னியாஸ்திரீ டீச்சர் சொல்லிவிட்டார். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான்.

ராத்திரி மழையில் லஸ் வரைக்கும் ஒரே சேறு. "இன்னா பாப்பா, ஐயரூட்டுப் பொண்ணு சர்ச்சுக்குப் போய்க்கினு கீறே, நைனாவுக்குத் தெரியுமா?" என்றார் வண்டிக்காரர்.

"அப்பாதான் வண்டியே பேசினார்" என்றேன். அதற்கப்புறம் அவர் குதிரையோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

ஆறு மணிக்குக் குப்பத்தில் பிலோமினா வீட்டு வாசலில் இறங்கினேன். அவள் என் வகுப்புத் தோழி, கோயிலில் பாடுகிறவள். அவள் அண்ணன் ஆடி மாசம் கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. மரம் மட்டும் கரை ஒதுங்கியது. அவள் அம்மா கூடை கழுவிக்கொண்டிருந்தார். "செத்தவங்க பூசைக்கு நா வரல. எம்புள்ள வந்துடுவான்" என்றார்.

பிலோமினா கோயிலில் மேலே பாடகர் மாடத்தில் நின்று பாட வேண்டியவள். "அப்போ நான் யாரோட உக்காருவேன்? எப்போ எழுந்துக்கணும், எப்போ மண்டி போடணும், ஒண்ணும் தெரியாதே" என்றேன். நிஜமாகவே பயம்.

பிலோமினாவின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்கு வந்த பொண்ணத் தனியா வுடறதா? ஒனக்காவத்தான் வர்றேன், சொல்லிட்டேன்."

கோயிலுக்குள் என் தாவணியை இழுத்துத் தலையில் போட்டுவிட்டார். நடுவில் கறுப்புத் துணி போர்த்திய சவப்பெட்டி, சுற்றிலும் மெழுகுவத்திகள்.

"உள்ளே யாரு?" என்றேன்.

"யாருமில்ல. இங்க இல்லாதவங்களுக்காவ வருசா வருசம் வெக்கறது" என்றார். சொன்னவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டு ஆரம்பித்தது. மிருதங்கமில்லை, பிடிலில்லை, வெறும் குரல்கள் மெல்லப் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அழுகை வந்தது. பிற்பாடு சபாக்களில் எத்தனையோ கச்சேரி கேட்டாயிற்று, அந்தக் காலை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

"இன்னாதான் கேக்கறாங்க அதுல? இத்தினி வருசமா எனக்குப் பிரியல" என்று அம்மா காதோரம் கேட்டார்.

டீச்சர் சொன்னதை ஒப்பித்தேன். "இவாளுக்கு ஓய்வு குடுங்கோன்னு சுவாமிகிட்ட கேக்கறா."

பூசை முடிந்தது. அம்மா ஒரு மெழுகுவத்தி வாங்கி, ஏற்றி, அந்தப் பெட்டியின் காலடியில் வைத்தார்.

"ரொம்ப அலுத்துப் போயிருப்பான் பாப்பா" என்றார். "தூங்கட்டும்."