பங்காரு மேடு

தங்கம் தேடும் கருவிகள் இப்போது எங்கேயோ போய்விட்டன. தங்கத்துக்கு ஒரு எண், ஈயத்துக்கு ஒரு எண் என்று சின்னத் திரையில் காட்டுகின்றன. மண் தானாகப் போடும் சத்தத்தைக்கூடக் கழித்துவிடுகின்றன. இனி வரப்போகிறவை புதைந்து கிடக்கும் பொருளைப் படமாகவே காட்டிவிடுமாம். காட்டட்டும், எனக்குச் சந்தேகமே இல்லை. இதையெல்லாம் நான் அந்தக் காலத்திலேயே என் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக் கோடு எங்கே என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டி, கடைசியில் எங்கள் சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்குப் போன சமயம் அது. நான் திருப்பதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அண்ணனும் அண்ணியும் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அண்ணன் கடைக்கு வந்தார். கையில் தாலுகா ஆபீசில் வாங்கிய நகல். பழைய தமிழ்க் கணக்கையெல்லாம் தெலுங்கில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் மழையை நம்பிய எங்கள் மேட்டுக் கொல்லைக்கு நேராகத் தெலுங்கில் 'பங்காரு மேடு' என்று இருந்தது. பங்காரு என்றால் தங்கம்.

"நைனா வாங்கன நாள்லேர்ந்து வெறும் மேட்டுக் கொல்லன்னே சொல்லிக்கினு கீறோம். அந்தக் காலத்து மன்சன் சும்மாவா இந்தப் பேர வெச்சிருப்பான்?" என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும். பெயரை நம்பினால் பங்காருபாளையத்தில் மாங்காய்க்குப் பதில் தங்கமல்லவா காய்க்க வேண்டும்? சிரிக்கவில்லை. காரணம், என் மேஜைக்கடியில் ஒரு சாமான் கிடந்தது. உலகச் சண்டைக் காலத்தில் கண்ணிவெடி தேடப் பட்டாளத்தார் வைத்திருந்த கருவி. மெட்ராசில் கழிவுச் சாமானோடு வாங்கிவந்து, வால்வு மாற்றி, நானே உயிர் கொடுத்திருந்தேன். ஒரு கழி, அதன் நுனியில் வட்டத் தட்டு, தோளில் மாட்ட ஒரு பெட்டி, காதில் மாட்டக் குமிழ்கள். அதை யாரிடமாவது காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

"இது ஆரம்பந்தாண்ணா. இன்னா உலோகம், எத்தினி ஆழம், எல்லாத்தையும் மிசினே சொல்ற காலம் வரப் போவுது" என்று அளந்து விட்டேன். வரப்போகிற மிஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் மேஜைக்கடியில் இருந்ததைப் பற்றி என்று எடுத்துக்கொண்டார். இதற்குத் தங்கமும் லாட ஆணியும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை.

ஊருக்குப் போன அண்ணன், மிஷின் வரும்வரை அந்தக் கொல்லையில் ஏர் கட்டக் கூடாது என்றுவிட்டார். நல்ல மழை பெய்து, விதைக்கச் சரியான ஈரம் இருந்த நேரம். அண்ணி அதற்குள் விதை வேர்க்கடலையை உடைத்துப் பருப்பாக்கி வைத்திருந்தார். உடைத்த விதை அடுத்த வருஷத்துக்குத் தாங்காது. நானோ மெட்ராசிலிருந்து பேட்டரி வரக் காத்திருந்தேன். பத்து நாள் போயிற்று.

நான் போய் இறங்கியதும் அண்ணி, "தம்பி, ஈரம் காஞ்சிக்கினு போவுது. சீக்கிரம் பாத்துட்டு சொல்லுப்பா" என்றார். உடைத்து உடைத்துக் கட்டைவிரல் நுனி சிவந்து போயிருந்தது.

கொல்லையில் கால் வைத்தவுடன் மிஷின் கத்தத் தொடங்கியது. எங்கே வைத்தாலும் கத்தல். செம்மண்ணில் இருக்கும் இரும்புக்கே அது அப்படிக் கத்தியது என்று இன்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரு குமிழைத் தன் காதில் வைத்துக் கேட்ட அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கொல்ல பூராவும் கீதுடா!"

அப்போதாவது நான் குமிழ்களைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இன்னும் நுணுக்கமா பாக்கணும்ணா" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. இன்னும் நான்கு நாள் வெயிலில் நடந்தேன்.

வரப்போரம் ஓரிடத்தில் சத்தம் காதைக் கிழித்தது. அண்ணன் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. அதற்கடியில் அடுப்புக்கரியும், கொல்லன் உலையில் கழிந்த இரும்புக் கிட்டமும். எல்லைக்கல் நடும்போது அடியில் இப்படி எதையாவது புதைப்பது அந்நாள் வழக்கம். கல் பெயர்ந்தாலும் இடம் தெரியும் என்பதற்காக.

கல்லில் ஒட்டியிருந்த மண்ணை அண்ணி முந்தானையால் துடைத்தார். ௬ என்று செதுக்கியிருந்தது.

"ஆறுன்னு போட்டுக்கீது" என்றார். எண்ணின் மேல் விரலை ஓட்டினார். "பங்காரு இல்ல. பங்கு ஆறு."

அப்பா வாங்குவதற்கு முன்பு அந்த நிலம் யாரோ ஒரு பெரிய குடும்பத்துடையது. பாகம் பிரித்தபோது இது ஆறாம் பங்கு. தமிழ்க் கணக்கில் சேர்த்து 'பங்காறு மேடு' என்று எழுதியிருப்பார்கள். தமிழில் இருப்பது ஒரே ப. தெலுங்கில் வல்லது ஒன்று, பங்காருவில் வரும் மெல்லியது ஒன்று. பெயர்த்து எழுதியவர் மெல்லியதைப் போட்டு, றுவையும் ருவாக்கினார், ஆறு தங்கமாகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு பாஷையும் தெரியும் என்ற மிதப்பில், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்காதவர்கள் நாங்கள்.

அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தோண்டிய மண்மேல் உட்கார்ந்து விட்டார். மறுநாள் ஏர் கட்டிப் பார்த்தோம். ஏரின் கொழு மண்ணில் இறங்கவில்லை, நிலம் இறுகிவிட்டது. அடுத்த மழை பருவம் தப்பி வந்தது. அந்த வருஷம் கொல்லை தரிசு.

பிறகு ஒரு முறை போனபோது, அண்ணி ஒரு தட்டில் வறுத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தார்.

"வெதக் கல்லதான். வீணாப் போறதுக்குள்ள வறுத்துட்டேன். துன்னு தம்பி."

கை நீளவில்லை. "அண்ணி, அந்த மிசினுக்குத் தங்கம் எது, இரும்பு எதுன்னு தெரியாது" என்றேன்.

"அது ஒனக்கு எப்போ தெரியும்?"

"மொதல்லயே."

அண்ணி என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் இன்னும் ஒரு பிடி அள்ளி வந்து என் தட்டில் போட்டார். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.