சொல்லாமல் வெட்டினால் அது பிறந்தநாள்

தோரா ராஸ்க் அம்மாள் கேக்கை முதலில் மூக்கால்தான் சாப்பிடுவார். தட்டின் மேல் குனிவார், கண்ணை மூடுவார், ஒரே இழுப்பு. கடையில் வாங்கியது என்று மூக்கு சொல்லிவிட்டால் நிமிர்ந்து, கொண்டுவந்தவனை மேலும் கீழும் பார்ப்பார். "பண்ணின தப்பு உன் சொந்தத் தப்பு. கேக் மட்டும் அடுத்தவன் சுட்டதா? போ, போய் மாவு பிசை." இதைச் சொல்லும்போது சைக்கிள் ஹெல்மெட் தலையிலேயே இருக்கும். காலையில் மாட்டியதைக் கழற்ற மறந்துவிடுவார். மத்தியானம் வரை நாங்களும் சொல்லமாட்டோம்.

தப்பு செய்தவன் கேக் கொண்டுவர வேண்டும் என்பது டென்மார்க்கில் எந்த ஆபீஸிலும் உள்ள வழக்கம்தான். கணினியைப் பூட்டாமல் எழுந்து போனவன், முதலாளியைத் திட்டி முதலாளிக்கே மின்னஞ்சல் அனுப்பியவன், எல்லோரும் மறுநாள் ஒரு தட்டோடு வருவார்கள். சிரிப்பார்கள், தின்பார்கள், தப்பும் கேக்கோடு செரித்துப் போகும். அப்படிச் செரிப்பதுதான் தோராவுக்குப் பிடிக்கவில்லை. கத்தி வைக்கும் முன் எழுந்து நின்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். "சொல்லாம வெட்டினா அது பொறந்தநாள்" என்பார். கம்பெனியில் அதற்கு இதுவரை மறுபேச்சு இல்லை.

கம்பெனி கோபன்ஹேகன் துறைமுகத்தில், பழைய மீன் கிடங்கில் இருக்கிறது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற எந்திரத்தை அங்கே செய்கிறோம். செய்கிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் பல்லெ, அங்கே கேன்டீன் அடுப்பைப் பார்க்கிறவன், அதற்கு முன் கப்பலில் சமைத்தவன். எந்திரம் பேச்சைக் கேட்டு, யாருக்கு ஆம்புலன்ஸ், யாருக்கு மாத்திரை, யார் நாளைக்கு வந்தால் போதும் என்று பிரித்துவிடும். சரியாகப் பிரிக்கிறதா என்று பார்ப்பது தோராவின் வேலை. அறைக் கதவில் 'பொறுப்புத் துறை' என்று பித்தளையில் பொறித்திருக்கும். துறை என்பது தோராவும் ஒரு பூச்செடியும். செடி பிளாஸ்டிக்.

காபிக்கு முன் எந்திரத்துக்குப் போன் போடுவார். அதுவும் என் சமையலறையில் வந்து நின்றுகொண்டு. "பாத்திரம் கழுவுற மெஷினை நிறுத்தாதே பல்லெ, ஓடட்டும். சாகிறவன் என்ன, கதவைச் சாத்திட்டு அமைதியா உக்காந்தா போன் பண்றான்?" பிறகு ஒரு நாள் குடிகாரனாகப் பேசுவார், ஒரு நாள் பல் இல்லாத கிழவியாக, ஒரு நாள் பொண்டாட்டிக்குக் கேட்காமல் கிசுகிசுக்கிற புருஷனாக. ஒரு தடவை மீன் கொண்டுவந்த ஆள், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அறுபது தாண்டிய அம்மாள் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக் கூடையைக் கீழே போட்டுவிட்டான். தோரா திணறுவதை நிறுத்தாமலே, மீனைப் பொறுக்கு என்று கையால் காட்டினார்.

கூட்டங்களில் காலுறை பின்னுவார். சாம்பல் நிறக் கம்பளி நூல். யாராவது 'பொறுப்பு' என்று சொன்னால் மட்டும் ஒரு சுற்று சிவப்பு நூலில் போடுவார். சாதாரண வாரக் கூட்டத்தில் சிவப்பு ஒரு கோடு, இரண்டு கோடு வரும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து உரையாற்றுகிற நாளில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவப்பாகவே ஏறும். அப்படி ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. நன்றாகச் சூடு கொடுக்கிறது.

தோரா டென்மார்க்கின் மேற்கே யூட்லாந்துக்காரர், நானும்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் குறைத்துத்தான் சொல்வார்கள். கல்யாணம் எப்படி என்றால் 'மோசமில்லை'. புயலில் கூரை பறந்துவிட்டால் 'காத்து கொஞ்சம் இருந்துச்சு'. இவ்வளவு காலம் எல்லாக் குரலிலும் எந்திரத்தைச் சோதித்த தோராவுக்கு, தன் சொந்த ஊர்க் குரலில் பேசிப் பார்க்கத் தோன்றவில்லை. தன் பேச்சு ஒரு தினுசு என்று யாருக்குத்தான் தெரிகிறது? போன மார்ச் மாதம் ஒரு காலையில், வேறு வேஷம் எதுவும் வாயில் வராமல், தன் அப்பா மாதிரிப் பேசினார்.

"தோள்பட்டை ஒரு மாதிரியா இருக்கு. பெரிசா ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேலை இருந்தா பசுவுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து பேசறேன்."

எந்திரம் இனிமையாக, நன்றாக ஓய்வெடுங்கள், நாளைக் காலை மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது.

தோரா போனை வைக்கவில்லை. மறுபடி பேசினார். இன்னும் கொஞ்சம் வலியைக் கூட்டி, 'மூச்சு கொஞ்சம் சோம்பேறியா இருக்கு' என்றார். மறுபடியும் நாளைக் காலைதான். அன்று காபியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போனார். எந்திரம் எடுத்துப் பேசிய பழைய பேச்சுகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். அதில் அங்கர் என்ற பால்பண்ணைக்காரர் அகப்பட்டார். அதே தோள்பட்டை, அதே ஒரு மாதிரி, அதே நாளைக் காலை. விசாரித்தால், அது மாரடைப்பு. ஏணி கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரன் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் உயிர் தப்பியது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது. பசுக்களை விற்றுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோரா ரயிலேறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பரவாயில்லைன்னார். உங்க மெஷின் மரியாதையா பேசிச்சுன்னு நன்றி வேற சொன்னார்."

அன்று தோரா என் சூப்பைத் தொடவில்லை.

எங்கள் முதலாளி ட்ரோல்ஸ் கெட்டவன் இல்லை. கோட்டு சூட்டுக்கு ஓட்டப்பந்தய ஷூ போடுகிறவன், எப்போதும் எங்கேயோ கிளம்புகிற மாதிரியே இருப்பான். எல்லோரையும் போல அவனும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' என்பான். அவன் 'நீங்க' என்றால் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு பேரும் கேன்டீனில்தான் மோதிக்கொண்டார்கள்.

"சரி பண்ணியாச்சு தோரா. யூட்லாந்துப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தாச்சு. முடிஞ்சுது."

"இங்க முடிஞ்சுது. திங்கக்கிழமை நார்வேயில ஆரம்பிக்கிறே. அந்த வடக்கு மீன்காரங்க நம்ம ஆளுங்களுக்கு அண்ணன். கை துண்டாப் போனாலும் கீறல்னுதான் சொல்வாங்க."

"அதையும் சத்தமில்லாம சரி பண்ணிக்குவோம்."

"மத்த கம்பெனி மெஷினுங்க? எல்லாரும் ஒரே இடத்துலதான் குரல் வாங்கிப் பழக்கினோம். அதுங்களுக்கும் இதே காது."

"அது அவங்க தலைவலி."

"அவங்களுக்குத் தலைவலி. போன் பண்றவனுக்கு நெஞ்சுவலி. புதன்கிழமை கூட்டத்துல சொல்லிடுவோம் ட்ரோல்ஸ்."

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு நாட்டு அதிகாரிகளும் இந்த மாதிரி எந்திரம் செய்கிற கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஒருவருடைய எந்திரத்தால் ஆளுக்குக் கேடு வந்தால் அதை மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், ஒரே பள்ளத்தில் ஆளாளுக்கு விழக்கூடாது என்பது பேச்சு. வசந்தத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். 'நடந்த விபத்துகள்' என்று தலைவர் வாசிப்பார். எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். தலைவர் அடுத்ததை வாசிப்பார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒரு விபத்துகூட வந்ததில்லை. உலகத்திலேயே அதிர்ஷ்டம் பிடித்த தொழில் எங்களுடையதுதான். இந்தத் தடவை கூட்டம் எங்கள் கிடங்கிலேயே.

"நார்வே கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான் ட்ரோல்ஸ். தோரா தலையாட்டவில்லை. அவன் கொஞ்ச நேரம் அவர் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டத்துல நீங்களா வாயத் திறந்து இதைச் சொன்னா, வியாழக்கிழமையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

நான் அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

தோரா யோசித்தார். "நானா வாயத் திறக்கல. வர்றவங்களுக்கு ஒரு கேக் சுடலாமா?"

ட்ரோல்ஸ் முகம் தெளிந்துவிட்டது. "கேக்கா? தாராளமா சுடு. நல்ல யோசனை." நார்வே கைக்கு வரப்போகிற சந்தோஷத்தில் அவன் கோபன்ஹேகன் மூளை அன்றைக்கு அவ்வளவுதான் ஓடியது.

புதன்கிழமை விடிந்ததும் தோரா என் அடுப்பில் கனவு கேக் சுட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கேக். மேலே பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் தேங்காய்த் துருவலும் காய்ச்சி ஊற்றுவது. காபிக்கு எடுத்துப் போகட்டுமா என்றேன். "காபிக்கு இல்ல. நான் பின்னுறதை நிறுத்தினதும் கொண்டுவா" என்றார்.

தலைவர் ப்ரேபென் எங்கள் அரசாங்க அதிகாரி, தொங்கு மீசைக்காரர், ஓய்வு பெறப் போகிறவர். காலையெல்லாம் பொறுப்பைப் பற்றிப் பேசினார்கள். தோராவின் காலுறை முழங்காலைத் தாண்டிவிட்டது. ப்ரேபென் கண்ணாடியை இறக்கி, "நடந்த விபத்துகள்" என்று வாசித்தார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தோரா ஊசிகளை மடியில் வைத்தார். நான் தட்டோடு உள்ளே போய், தோராவுக்கு முன்னால் வைத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் புன்னகைத்தார்கள். கேக் வந்தது, அவ்வளவுதான் அவர்களுக்கு. ஆனால் அறையில் இருந்த டென்மார்க்காரர்கள் ஒருவர் விடாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காபி நேரம் இல்லை. பிறந்தநாளுக்கு வைக்கிற மெழுகுவத்தி இல்லை, கொடி இல்லை.

"யாருக்காவது பொறந்தநாளா?" என்று கேட்டார் ப்ரேபென்.

ப்ரேபென் கேக்கைப் பார்த்தார், பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். இந்த ஊரில் பிறந்த எவனும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"அப்ப, தப்பு பண்ணினது யாரு?"

ட்ரோல்ஸ் கழுத்து சிவப்பு நூல் மாதிரி ஆனது.

"கேட்டுட்டாங்க ட்ரோல்ஸ். கேட்டா பதில் சொல்லணுமில்ல?" என்றபடி தோரா எழுந்து நின்றார். "நாங்கதான்."

அங்கரையும் தோள்பட்டையையும் பசுக்களையும் பற்றிச் சொன்னார். அவர் பேசியதுபோலவே பேசிக் காட்டினார். பிறகு, உங்கள் எந்திரங்களுக்கும் இதே காதாக இருக்கலாம், போய் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று முடித்துக் கத்தியை எடுத்தார்.

நார்வே அதிகாரி ரன்வைக் என்ற அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "திங்கக்கிழமை இல்ல" என்றார். "எங்க வடக்குக்காரங்க பேச்சைப் பதிவு பண்ணி அனுப்பறேன். அதுல உங்க மெஷின் தேறட்டும், அப்புறம் வாங்க."

ஃபின்லாந்துக்காரர் தட்டை நீட்டி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, வெகுநேரம் மென்றுவிட்டுச் சொன்னார். "எங்க ஆளுங்க அவ்வளவுகூடப் பேச மாட்டாங்க. போன் பண்ணிட்டுச் சும்மா இருப்பாங்க. அதையும் மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

அந்தக் கூட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்து முதல் தடவையாக அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. ட்ரோல்ஸைத் தவிர எல்லோரும் கேக் தின்றார்கள்.

மத்தியானம் நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, போட்டிக் கம்பெனியின் நெதர்லாந்துக்காரர் ஒருவர் சமையலறைக்குள் மெல்ல வந்தார். கழிவறையைத் தேடி வந்தாரோ என்று பார்த்தேன்.

"இந்த அடுப்பு சாயங்காலம் காலியா இருக்குமா?"

"எதுக்குய்யா?"

"சும்மாதான். எங்க ஊர் ஆப்பிள் கேக் ரொம்ப நல்லா இருக்கும்."

"சின்னதா பெரிசா?"

கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மனுஷன் குரலைத் தாழ்த்தினார். "பெரிசாத்தான் வேணும்னு நினைக்கிறேன்."

வியாழக்கிழமை தோரா வழக்கம்போல வந்தார், ஹெல்மெட்டோடு. வா என்றோ போ என்றோ யாரும் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் செடியை மட்டும் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு வந்து, என் மேசையில் உட்கார்ந்து எந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ஃபின்லாந்துக்காரர். போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ட்ரோல்ஸ் வந்தான். முகச்சவரம் செய்திருக்கவில்லை. கையில் வெள்ளை அட்டைப்பெட்டி, நல்ல கடைப் பெட்டி, மேலே நீல ரிப்பன். அதை அவர் முன்னால் வைத்தான்.

"தோரா, நீ..." என்று ஆரம்பித்தவன், மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றான்.

தோரா போனை வைத்தார். பெட்டியின் மேல் குனிந்தார். கண்ணை மூடி ஒரே இழுப்பு. ரிப்பனைத் தொடக்கூட இல்லை. எழுந்து போய், ஆணியில் தொங்கிய என் ஏப்ரனை எடுத்து உதறி, அவன் கழுத்தில் மாட்ட வாகாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.