ஓரத்தில் விட்ட ஒன்றரை முழம்

போன மாதம் ஒரு காலையில் எனக்கு ஒரு கார்டு வந்தது. புதுத் தபால்காரத் தம்பி வழக்கம்போல, "தாத்தா, வாசிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் போனேன். 'எங்கள்' வந்தது. 'அப்பா' வந்தது. எங்கேயும் தட்டவில்லை. கடைசிப் புள்ளி வரை யாரையும் கேட்காமல் வாசித்துவிட்டேன். நானாக முழுதும் வாசித்த முதல் கடுதாசி அதுதான். சந்தோஷம் தாங்காமல், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். தெருவில் நின்ற பிறகுதான் வாசித்தது என்ன என்பது புத்திக்கு எட்டியது. தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருந்த அருணாசலம் அண்ணாச்சி இறந்துபோனார்.

இழவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசித்த இடத்திலேயே கிழித்துவிட வேண்டும். நானும் தெருவில் நின்றே கிழித்தேன். முதன்முதலில் வாசித்த கடுதாசியைக் கையில் வைத்துக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை.

அண்ணாச்சி நம் தெருவுக்கு இருபது வருடம் தபால் கொடுத்தவர். அவரை அறிந்தவர்கள் தென்காசியில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. அதனால் என்ன, எனக்கு வேறு சோலி இல்லை.

நான் ரோட்டு வேலை பார்த்தவன். சரள் பரப்புவது, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குவது, தார் ஊற்றுவது என்று முப்பது வருடம் போயிற்று. என் மனைவி செல்லம்மாளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பட்டாளத்தில் இருந்த எங்கள் மகன் எழுதும் கடுதாசியை அண்ணாச்சிதான் வாசிப்பார். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று தெரிந்திருந்தும் பழக்கத்தில் கத்தித்தான் வாசிப்பார். என் மகனுக்கு அங்கே சளி பிடித்தால் இங்கே தெரு முழுக்கத் தெரியும்.

குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் எங்களுக்குச் சங்கடம் ஆரம்பித்துவிடும். பஜாரில் நெரிசல். அதில் மாட்டாமல் குற்றாலம் ரோட்டைப் பிடிக்க நம் தெரு குறுக்குவழி என்று எவனோ ஒரு டிரைவர் கண்டுபிடித்தான். அடுத்த வருடம் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். போகும்போது அருவியைப் பிடிக்க அவசரம், வரும்போது பசி அவசரம். குளித்துவிட்டு ஈரத் துண்டை ஜன்னலில் பறக்கவிட்டுக்கொண்டு வருவார்கள். தெருக்குழாயோ எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். ஹாரன் செல்லம்மாளுக்குக் கேட்காது. ஒருநாள் அவள் இடுப்புக் குடத்தை மட்டும் ஒரு கார் தட்டிவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து சீசன் என்றால் அவள் வாசலைத் தாண்டுவதில்லை. குழாயடியில்தான் அவளுக்கு ஊரும் உலகமும். நான் தண்ணீர் பிடித்துக் கொண்டுவருவேன். அவள் குடத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். குழாயடிச் சேதி எனக்கு என்ன தெரியும்?

அந்தச் சீசனிலேயே ஒரு வேன் ஒதுக்கியதில் அண்ணாச்சி சைக்கிளோடு எங்கள் வீட்டு முன்னால் சகதியில் விழுந்தார். முழங்காலில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. சிதறிய கடுதாசிகளைப் பொறுக்கி எங்கள் சுவரில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார்.

"அண்ணாச்சி, காலைக் கழுவும் முதல்ல" என்றேன்.

"காலு தன்னால ஆறிக்கிடும் வே. நனைஞ்ச எழுத்து ஆறாது" என்றார்.

அவரே மனு எழுதினார். தெருவில் பாதிப் பேர் கையெழுத்து, என்னைப் போன்ற பாதிப் பேர் பெருவிரல். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் பெயருக்கு வந்ததை அவரே கொண்டுவந்து, எங்கள் வாசலில் மணியடித்து, "தபால்!" என்று கத்திவிட்டு உட்கார்ந்து பிரித்தார். 'ஆவன செய்யப்படும்' என்று இருந்தது.

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணும் நடக்காதுன்னு மரியாதையாச் சொல்லுதான்."

பிறகு அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "முத்தையா, மேலத்தெரு முக்குல வேப்பமர வேரு ரோட்டத் தூக்கிட்டு நிக்குல்லா? அங்கன மட்டும் எந்தக் காரும் பையத்தான் போகுது. நானும் தெனம் பாக்குதேன். மனுசன் மேல இடிக்கப் பயப்படாதவன் காருக்கு அடிபடும்னா பயப்படுதான். நமக்கு ஒரு வேரு வேணும் வே. நீரு போட மாட்டீரா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். இடிந்து கிடந்த என் கொல்லைச் சுவரின் கல், செம்மண், சரள். குழாய்க்குப் பக்கத்தில், இந்த வீட்டுச் சுவரிலிருந்து அந்த வீட்டுச் சுவர் வரை, அரையடி உயரத்துக்கு ஒரு மேடு. ஓரத்தில் இடம் விடலாமா என்று கேட்டேன். "விட்டா ஸ்கூட்டர்காரன் பூந்துருவான், அடையும்" என்றார். அடைத்தேன். திமிசுக்கட்டையை நான் தூக்கிப் போட, அவர் தண்ணீர் தெளித்தார். மாலையில் அதன் மேல் ஏறி நின்று, குற்றாலம் போகிற கார்கள் பிரேக் போடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை மலையில் பிடித்த மழை எங்கள் பக்கமும் கொட்டியது. நம் தெருவுக்கு அப்போது சாக்கடை கிடையாது. தண்ணீர் தெருவோடுதான் ஓடும். முப்பது வருடம் ரோடு போட்டவனுக்கு அது மறந்துபோயிற்று. காரை மட்டும்தான் நினைத்தேன். மேட்டுக்கு மேற்கே ஆறு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறாவது வீடு என்னுடையது. பக்கத்து வீட்டு ஆச்சி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"ஏலே முத்தையா! ரோடு போட்டியா, குளத்துக்குக் கரை போட்டியா? நாலு விரால் மீனையும் வாங்கி விட்டுரு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

செல்லம்மாள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மிதந்து போகும் அரிசிச் சுளகைக் காட்டிச் சிரித்தாள். ஏச்சு எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

அண்ணாச்சி மழையோடு வந்தார். பையை எங்கள் பரணில் வைத்துவிட்டு, என் கடப்பாரையை எடுத்து, மேட்டின் ஒரு முனையில் ஒன்றரை முழம் வெட்டினார். மறுமுனையை நான் வெட்டினேன். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வடிந்தது. வடிந்ததும் அவர் சைக்கிளில் ஏறி அந்த இடைவெளிக்குள் போனார். சைக்கிள் கொஞ்சமும் குலுங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி போனார். மூன்று தரம் போனார்.

"பாத்தீரா வே! தண்ணி போற வழில சைக்கிளும் போகுது, நடக்கிறவனும் போகுதான். கார் போக முடியாது. இத யோசிச்சு வெட்டுனேன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான், நீரு உண்மையச் சொல்லிப்புடாதேயும்" என்றார். சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ஓவர்சியர் வந்தார். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன், ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. அனுமதி இல்லாமல் ரோட்டில் கை வைத்தவன் என்றால் வேலை போகும். "யாருலே இது போட்டது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தபால் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார்.

"நாந்தான் சார்."

"தபால்காரனுக்கு ரோட்டுல என்ன வேல?"

"ரோட்டுக்காரங்க வரலன்னு மனுவே போட்டிருந்தேன் சார். ஆவன செய்யப்படும்னு பதிலும் வந்துச்சு. அதான் செஞ்சிட்டேன்."

ஓவர்சியருக்கு முகம் கறுத்துவிட்டது. நாளைக் காலைக்குள் நானே மேட்டைத் தோண்டி எடுக்க வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்குள்ளிருந்து செல்லம்மாள், மேடு வந்த தைரியத்தில், குடத்தோடு வந்தாள். பேச்சுக் கேட்காததால் எங்களைக் கவனிக்கவில்லை. நேராகத் தெருவில் இறங்கினாள். மேற்கேயிருந்து ஈரத் துண்டு பறக்க ஒரு கார் வந்தது. கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. கார் மேட்டைப் பார்த்து முனகிக்கொண்டே நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோய்க் குழாயில் குடத்தை வைத்தாள். அங்கே நின்ற பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள்.

ஓவர்சியர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மேட்டின் சரிவைத் தடவினார். "செங்குத்தா இருக்குலே. டயர் கிழியும். இப்படியா உனக்கு வேல சொல்லித் தந்தேன்? இன்னும் ரெண்டடி நீட்டு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தோண்டச் சொல்லி ஆள் வரவே இல்லை. பின்னால் தார் போட்டபோது மேட்டுக்கும் சேர்த்துப் போட்டார்கள். ஓரத்து வழி இரண்டையும் நான் நின்று காப்பாற்றினேன்.

அதற்குப் பிறகு செல்லம்மாள் ஆறு சீசன் தண்ணீருக்குப் போனாள். போய்விட்டு வந்து கையாலும் கண்ணாலும் குழாயடிச் சேதி அத்தனையும் எனக்குச் சொல்வாள். ஏழாவது சீசனுக்கு அவள் இல்லை. காய்ச்சலில் போனாள். மகனும் வேலை பார்த்த ஊரிலேயே தங்கிவிட்டான். வீட்டில் சத்தம் என்றால் அண்ணாச்சியின் சைக்கிள் மணி ஒன்றுதான். பிறகு அவரும் ஓய்வு பெற்றார்.

மகள் வீட்டுக்குக் கிளம்பும் அன்று வெறும் பையோடு வந்து உட்கார்ந்தார். "நான் கார்டு போடுவேன் வே. இன்னொருத்தன்ட்ட நீட்டப்படாது. பள்ளிக்கூடத்துல பெரியாளுகளுக்குச் சொல்லிக் குடுக்காங்கல்லா, போய் உக்காரும். நீரே வாசிக்கணும், நீரே பதில் போடணும்" என்றார். நானும் சத்தியம் செய்துகொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்று கார்டு வந்தன. மூன்றையும் கடுதாசிக் கம்பியில் குத்தி வைத்தேன். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எடுத்துப் பார்ப்பேன், எட்டாது, திரும்பக் குத்திவிடுவேன். தம்பி வாசிக்கிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்றேன். சத்தியம் அல்லவா.

மகள் கடுதாசியைக் கிழித்த அன்று அந்த மூன்றையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று. முதல் கார்டில், தூத்துக்குடியில் உப்பு லாரிகள் மகள் தெருவுக்குள் வருவதாகவும், கடப்பாரை பிடிக்க அங்கே ஒரு முத்தையா இல்லை என்றும் எழுதியிருந்தார். இரண்டாவதில், 'நம்ம வழி அடையாமல் இருக்கிறதா? இலை சேர்ந்தால் தண்ணீர் கட்டும். நடந்துபோய்ப் பார்த்து எழுதும்' என்று இருந்தது. மூன்றாவது ஒரே வரி. 'பதில் இல்லையே வே, உடம்புக்கு என்ன?'

நான் இங்கே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது கம்பியில் மூன்று கார்டும், தெருவின் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை முழ வழியும். மூன்று கார்டுக்கும் சேர்த்து இதுதான் என் பதில்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை அண்ணாச்சி. தினமும் காலையில் கம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். இன்று தெற்கு ஓரத்தில் கொஞ்சம் வேப்பிலை சேர்ந்திருந்தது. தள்ளிவிட்டேன். நான் நிமிர்வதற்குள் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளை, "தாத்தா, ஓரம்!" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் அந்த வழியாகப் போனாள். குலுங்கவில்லை.