அப்பா அளந்த நூறு கெஜம்

அளவு விஷயத்தில் அப்பா பொல்லாதவர். ரயில்பாதை கேங்கில் மேஸ்திரி. தண்டவாளம் நூலளவு விலகியிருந்தாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஊரே பார்க்கத் தப்பாக அளந்த கதை இது.

எழுபதுகளில் ஒரு ரயில்வே ஸ்ட்ரைக். எங்கள் குவார்ட்டர்ஸ் மொரப்பூர் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போகிற மண் ரோட்டில் இருந்தது. ஸ்டேஷன் வாசலை மறித்து நின்ற யூனியன்காரர்களில் அப்பாதான் முதல் ஆள். எங்களோடு தங்கியிருந்த தாய்மாமனுக்கோ அந்த ஸ்டேஷனிலேயே தற்காலிக வேலை. ஸ்ட்ரைக்கிலும் விடாமல் வேலைக்குப் போனால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் கம்பைநல்லூர்க்காரர்கள் பெண் கொடுப்பார்கள். பாவம், தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், ஸ்டேஷன் வாசலில் அப்பாவைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். பத்து நாளாக இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

அப்போதுதான் கோர்ட்டு உத்தரவு வந்தது. மறியல் செய்கிறவர்கள் ஸ்டேஷன் வாசலிலிருந்து நூறு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டுமாம். அளப்பதற்கு அப்பாவை விட்டால் வேறு யார்? நான் ஓடிப்போய், "டேப்பு ஆணியில தொங்குது, எடுத்தாரட்டுமாப்பா?" என்றேன்.

"காலு இருக்கறப்ப டேப்பு எதுக்கு? வூட்டுக்குப் போ."

கேங்க்காரர்கள் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டைகளில் ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை மிதித்து நடப்பார்கள். அப்பா அதே நீட்டுக் காலோடு மண் ரோட்டிலும் நடந்து நூறு எண்ணினார். எங்கள் வீட்டையும் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் கொடியை நட்டார். "மேஸ்திரி காலு கட்டை மிதிச்ச காலுங்க, மண்ணுல நிக்குமா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். தள்ளிப் போனால் நல்லதுதானே என்று போலீஸ்காரரும் தலையாட்டினார்.

மறுநாள் மாமா வீட்டை விட்டு இறங்கி நேரே ஸ்டேஷனுக்குப் போனார். கொடியும் கூட்டமும் வீட்டுக்குப் பின்னால் கிடந்தன, வழியில் ஒருவருமில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தங்கையை முனை பிடிக்கச் சொல்லி டேப்பால் அளந்து பார்த்துவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் சாப்பிடும்போது, "நூறு கெஜம் நம்ம வூட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சுங்க மாமா! அப்பா தப்பா அளந்துட்டாரு!" என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க மச்சான்."

பத்து நாளைக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றைக்குக் குழம்பு அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று நினைத்து, நானும் தட்டை நீட்டினேன்.